இருப்புப் புத்தகம்

ஒட்டுசுட்டான் நெல் களஞ்சியத்தின் திறப்பு
என் இடுப்பில் இருக்கிறது.
காலபோகம் வெட்டி முடிந்தால்
கரிப்பட்டமுறிப்பு, முத்தையன்கட்டுப் பக்கத்து ட்ரக்டர்கள்
இரவு பத்து மணிவரை வாசலில் நிற்கும்.

மூட்டைக்குள் கம்பியைக் குத்தி
ஒரு பிடி எடுத்து ஈரம் பார்ப்பேன்.
பதினாலுக்கு மேல் என்றால்
காயவிட்டுக் கொண்டுவாங்கோ.
பதினாலுக்குள் என்றால் தராசு,
தராசுக்குப் பிறகு சீட்டு,
சீட்டில் என் கையெழுத்து.
அதற்குப் பிறகு அந்த நெல்
யாருடையது என்று கேட்டால் பல பதில் வரும்.
யார் பொறுப்பு என்று கேட்டால்
ஒரே பதில்தான்.

ஒருமுறை கணக்காய்வுக்கு வந்த ஐயா
மூன்று மூட்டை குறைகிறது என்றார்.
எலி என்றேன்.
எலியைக் காட்டு என்றார்.
கூரை ஒழுக்கு என்றேன்.
ஒழுகுவதாக எப்போது எழுதி அறிவித்தாய் என்றார்.
ஐந்து மாதம் சம்பளத்தில் வெட்டினார்கள்.
அவரில் எனக்குக் கோபமில்லை.
பூட்டும் திறப்பும் என்னிடம் இருந்தால்
உள்ளே நடந்ததை
நான்தானே சொல்ல வேணும்.

பவிதரனைப்
பேராற்று மணலோடு பிடித்தார்கள்.
ட்ரக்டருக்குச் சீட்டு தந்தார்கள்:
எஞ்சின் இலக்கம், பெட்டியின் இலக்கம், மணல் ஒரு கியூப்,
முன் சில்லில் காற்றுக் குறைவு.
கைத்தொலைபேசிக்கும்
சட்டைப்பையில் கிடந்த எழுநூற்று நாற்பது ரூபாய்க்கும்
இன்னொரு சீட்டு.
தம்பிக்குச் சீட்டில்லை.
நானும் கேட்கவில்லை,
நாளுக்கு அறுபது சீட்டு எழுதுகிற நான்.

மூன்றாம் நாள் காலை சோற்றுப் பார்சலோடு போனேன்.
கொஞ்சம் பொறுங்கோ என்றான்
தமிழ் தெரிந்த ஒருவன்.
பொறுத்தேன்.
கத்தரிக்காய்க் குழம்பு வாழையிலையைத் தாண்டி
மடியில் கசியும்வரை பொறுத்தேன்.
பதினொரு மணிக்கு
ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

கிணற்றடியில் வழுக்கி விழுந்தான் என்று ஓர் அறிக்கை.
மதில் ஏறினான் என்று இன்னொன்று.
முதலே வருத்தம் இருந்தது என்று மூன்றாவது.
(எலி. ஒழுக்கு.)

சட்ட வைத்தியர் மட்டும்தான் அவனை நிறுத்தார்.
ஐம்பத்தெட்டுக் கிலோ.
உள்ளே போனபோது எவ்வளவு என்று
எந்தப் புத்தகத்திலும் இல்லை.
உள்ளங்காலில் இருந்த கோடுகளை
ஒவ்வொன்றாய் அளந்து சென்ரிமீற்றரில் எழுதியிருந்தார்.
பதினேழு கோடு.
நான் இரண்டு தரம் எண்ணினேன், பழக்கதோஷம்.

மாங்குளத்தில் இரவு பஸ் ஏறினால்
விடியக் கொழும்பு.
ஏழு வருசம், இருபத்தாறு தவணை.
தீர்ப்பைச் சட்டத்தரணி அருந்தவச்செல்வி
நீதிமன்றப் படியில் நின்று தமிழில் சொன்னா:
அடைத்து வைத்தவர் காக்கவும் வேணும்,
தவறினால் அரசே பொறுப்பு.
இதுக்கோ ஏழு வருசம் என்று கேட்டேன்.
அவ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.

பேர் சொல்லப்பட்ட இரண்டு பேரில் ஒருவர்
ஓய்வூதியத்தில் இருக்கிறார்.
மற்றவர் வேறொரு நிலையத்தில் பொறுப்பதிகாரி.
அந்தப் பதவிக்குப் பெயர் அதுதான்.

பணம் வந்த அன்று பிரதேச செயலகத்தில்
பற்றுச்சீட்டில் ஒட்ட
இருபத்தைந்து ரூபாய் முத்திரை
நானே வாங்கி வரவேணும் என்றார்கள்.
வாங்கினேன். நாக்கில் ஈரப்படுத்தி ஒட்டினேன்.
'பெற்றுக்கொண்டேன்' என்ற சொல்லுக்குக் கீழே
பேனை நின்றுவிட்டது.
என்னக்கா, தொகை பிழையோ என்றாள் அந்தப் பிள்ளை.
தொகை சரி, பிள்ளை.

ட்ரக்டரை எட்டாம் மாதமே திருப்பித் தந்திருந்தார்கள்.
பெட்டியின் மூலையில் ஒட்டிக்கிடந்த மணலில்
புல் முளைத்திருந்தது.
எஞ்சின் இலக்கம் சரி. பெட்டி இலக்கம் சரி.
முன் சில்லில் காற்று,
சீட்டில் உள்ளபடியே,
குறைவு.